கேமரா கடைசியில் வாங்கலாம்



நம் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களைப் பார்த்து "அடுத்து என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் "கம்பெனி வேலை" என்பார்கள். கொஞ்சம் பேர் "லேட்டரல் என்ட்ரியில் பி.இ." என்பார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய செல்போனைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முட்டுக்காடு காயலில் மறையும் சூரியன், கோவளத்துப் படகு, மாமல்லபுரத்துக் கல் யானை என்று ஆயிரம் படம் இருக்கும். போட்டோகிராபர் ஆக வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் இருக்கிறது. வீட்டில் சொன்னால் "கல்யாணத்துக்கு போட்டோ புடிக்கவா கடன் வாங்கி டிப்ளமா படிக்க வச்சோம்?" என்று கேட்பார்களே என்ற பயமும் கூடவே இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். வழி கேட்க வீட்டில் ஆள் இல்லாத நமக்கு ஒரு தொழிலுக்குள் நுழைவது என்பது இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. தேடிப் படித்தும், கேட்டும், கூடப் போய்ப் பார்த்தும் நான் தெரிந்துகொண்டதை நாலு பேருக்குச் சொல்லலாமே என்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்தத் தொழிலில் கேமரா வாங்குவது முதல் படி அல்ல, கடைசிப் படி. இதைத் தலைகீழாகச் செய்து கடனில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான்.

பட்டனை அமுக்க யாரும் காசு தரமாட்டாங்க

மாமல்லபுரம் போன்ற சுற்றுலாத் தலங்களில் ஒரு காலத்தில் தோளில் கேமரா மாட்டிய போட்டோகிராபர்கள் நிற்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற குடும்பத்திடம் கேமரா இருக்காது. கோயில் முன்னால் நிற்க வைத்து ஒரு கிளிக். விலாசத்தை எழுதி வாங்கிக்கொள்வார்கள். பிலிம் ரோல் முடிந்ததும் கழுவி, பிரிண்ட் போட்டு, தபாலில் அனுப்புவார்கள். பிறகு டிஜிட்டல் வந்தது. நின்ற இடத்திலேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு செல்போன் என்ற பெயரில் எல்லார் சட்டைப் பையிலும் ஒரு கேமரா வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த மனிதர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய வியாபாரம் "கேமரா என்கிட்ட இருக்கு, உங்ககிட்ட இல்லை" என்ற ஒரு வித்தியாசத்தின் மேல் நின்றது. அந்த வித்தியாசம் போனதும் வருமானமும் போனது. இன்றைக்கு நாம் தவணையில் ஒரு கேமராவை வாங்கி மாட்டிக்கொண்டு "நானும் போட்டோகிராபர்" என்று கிளம்பினால் அவர்கள் நின்ற அதே இடத்தில்தான் போய் நிற்போம்.

அப்படியானால் இன்றைக்கு வாடிக்கையாளர் எதற்குத்தான் காசு தருகிறார்? மூன்று விஷயங்களுக்குத் தருகிறார்.

ஒன்று: வெளிச்சம் சரியில்லாத மண்டபத்திலும் இவன் எடுத்தால் முகம் தெளிவாக வரும்.

இரண்டு: தாலி கட்டுவது ஒரே ஒரு முறை. அந்த நொடியை இவன் தவறவிட மாட்டான்.

மூன்று: எடுத்த படத்தைத் தொலைக்க மாட்டான். சொன்ன தேதியில் கொடுப்பான்.

இந்த மூன்றில் ஒன்றுகூட கேமரா பெட்டிக்குள் வருவதில்லை. மூன்றையும் நாம்தான் சம்பாதிக்க வேண்டும். அதைக் கேமரா வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடலாம் என்பதுதான் நல்ல செய்தி.

இது நம்ம படிப்புதான்!

"டிப்ளமாவுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1850-ஆம் ஆண்டு டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்பவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. புகைப்படக் கலை இந்தியாவுக்கு வந்த புதிதிலேயே அங்கே மாணவர்களுக்கு அது சொல்லித்தரப்பட்டது. அதற்குப் பிறகு 1945-ல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் சினிமா ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டன. அந்தப் பிரிவுதான் வளர்ந்து, தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் உள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக நிற்கிறது. 'நாயகன்' படத்துக்காக தேசிய விருது வாங்கிய ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர்தான். ஆகவே நண்பர்களே, நம் நாட்டில் கேமராப் படிப்பின் ஒரு வேர் பாலிடெக்னிக்கில் இருக்கிறது!

இந்தியாவின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான ரகு ராய் 1942-ல் பிறந்தவர். அவர் படித்தது சிவில் இன்ஜினியரிங். 1960-களில் தன் அண்ணன் எஸ். பாலைப் பார்த்து கேமராவைக் கையில் எடுத்தார். 1972-ல் பத்மஸ்ரீ வந்தது. "பொண்ணுங்களுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன்: ஹோமாய் வியாரவாலா (1913–2012). இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். டில்லியில் சைக்கிளில் போய் சுதந்திரக் காலத்து நிகழ்ச்சிகளைப் படமெடுத்தவர். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார். ஆக, நம் வகுப்புத் தோழிகளுக்கும் வழி உண்டு.

இலவச லேபரட்டரி: முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை

போட்டோ என்பது வெளிச்சம். மற்றதெல்லாம் பிறகு. இந்த வெளிச்சத்தைப் படிக்க நமக்கு வாய்த்த மாதிரி ஒரு இடம் வேறு எந்தப் பாலிடெக்னிக் மாணவனுக்கும் வாய்க்காது.

முட்டுக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே காயல். 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் அங்கே நடக்கிறது. காலையில் காயலைப் பார்த்து நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். படகின் நிறம், துடுப்புப் போடுகிறவர் முகம் எல்லாம் பளிச்சென்று தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கு நில்லுங்கள். சூரியன் இப்போது எதிரே. படகும் ஆளும் கறுப்பு உருவமாக, தண்ணீர் மட்டும் தங்கமாக வரும். இடம் ஒன்று, படகு ஒன்று, படம் இரண்டு. இதற்கு எந்தக் கேமரா என்பது முக்கியமே இல்லை. (பாலத்தின் மேல் மட்டும் நின்று எடுக்காதீர்கள். ஈ.சி.ஆரில் வண்டி வருகிற வேகம் உங்களுக்கே தெரியும்.)

அங்கிருந்து மாமல்லபுரம் போங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு சிற்பத்துக்கும் பக்கத்தில் நிழல் விழுந்து உருவம் எழுந்து நிற்கும். மதியத்துக்கு மேல் போனால் அதே பாறை தட்டையாகத் தெரியும். ஐந்து ரதத்தில் திரௌபதி ரதம் மேற்கு பார்த்தது. அதற்குச் சாயங்காலம்தான் முகூர்த்தம். கல் நகராது, வெளிச்சம்தான் நகரும். எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் போட்டோகிராபர்.

வெயில் வேண்டாம், மென்மையான வெளிச்சம் பழக வேண்டும் என்றால் முட்டுக்காட்டிலேயே தட்சிணசித்ரா இருக்கிறது. 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு திண்ணையில் நண்பனை உட்கார வைத்து வாசல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முற்றத்து ஓரத்தில் உட்கார வையுங்கள். நேர் வெயில் படாமல் பக்கவாட்டில் வருகிற வெளிச்சம் முகத்துக்கு எப்படி வடிவம் கொடுக்கிறது என்று பாருங்கள். ஸ்டூடியோக்காரர் பெரிய குடை விளக்கு வைத்துச் செய்வதை நம் முன்னோர் திண்ணையும் முற்றமும் கட்டியே செய்துவிட்டார்கள். மாணவராகப் பழகுவது வேறு, காசுக்குப் படமெடுப்பது வேறு. தொழில்முறையில் எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். மாமல்லபுரம் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளன. அங்கே ட்ரைபாட் வைப்பதற்கே முன் அனுமதி வேண்டும்.

கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பிசிக்ஸ்

நம்மைப் பார்த்து யாரும் பயப்படாத விஷயம் இது. நாமும் பயப்பட வேண்டாம்!

படத்துக்குள் போகும் வெளிச்சத்தை மூன்று குழாய்கள் தீர்மானிக்கின்றன. லென்ஸின் துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. என்கிற உணர்திறன். துளையை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எண் பெரிதானால் துளை சின்னது. 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும்.

பிலிம் காலத்துப் பெரியவர்கள் மீட்டர் இல்லாமலே வைத்திருந்த விதி ஒன்று உண்டு. பளீர் வெயிலில் துளையை எஃப் 16 வையுங்கள். ஷட்டர் நேரம் 'ஐ.எஸ்.ஓ. எண்ணில் ஒரு பங்கு' நொடி. அதாவது ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நூற்றில் ஒரு நொடி. கோவளம் மணல் மாதிரி கண் கூசுகிற இடத்தில் எஃப் 22. திண்ணை நிழலில் எஃப் 4. பதினாறுக்கும் நாலுக்கும் நடுவில் நான்கு படி. ஆகவே வெயிலுக்கும் நிழலுக்கும் பதினாறு மடங்கு வித்தியாசம். நம் கண் இதைச் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. பாதி முகம் வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால் படம் ஏன் கெடுகிறது என்பது இப்போது புரிகிறதா?

செல்போனில் 'ப்ரோ' என்று ஒரு வசதி இருந்தால் அதைத் திறங்கள். பெரும்பாலான போனில் துளையை மாற்ற முடியாது. ஆனால் ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் கையால் மாற்றிப் பழகலாம். ஒரு வருஷம் இதில் பழகியவனுக்குப் பெரிய கேமரா ஒரு வாரத்தில் கைவரும்.

அடுத்து, முதலாண்டு பிசிக்ஸில் படித்த தலைகீழ் இருபடி விதி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. கல்யாண மேடையில் பிளாஷ் அடிக்கும்போது இரண்டு மீட்டரில் நிற்கும் மணமக்களுக்குப் பால் போல வெளிச்சம் விழும். நாலு மீட்டரில் பின்னால் நிற்கும் தாத்தா பாட்டிக்கு அதில் கால்வாசிதான் போகும். அதனால்தான் பல ஆல்பங்களில் பெரியவர்கள் இருட்டில் நிற்கிறார்கள். விதி தெரிந்தவன் என்ன செய்வான்? எல்லோரையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிறுத்துவான். இல்லையென்றால் பிளாஷை மேற்கூரையில் அடித்துத் திருப்புவான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விதி மண்டபத்தில் சோறு போடும்!

கடைசியாக மட்டம். என் அப்பா ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒரு வரிசைகூடக் கல் வைக்க மாட்டார். கடல் படம் எடுக்கிறவனும் அப்படித்தான். தொடுவானம் ஒரு பக்கம் சாய்ந்தால் கடல் தண்ணீர் வழிந்து ஓடுகிற மாதிரி இருக்கும்.

தவணையா, வாடகையா?

இப்போது காசு. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கேமரா, லென்ஸ், பிளாஷ் எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம், 24 மாதத் தவணை. மாதம் சுமார் 4,320 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியது சுமார் 1,03,700 ரூபாய். வேலை வந்தாலும் வராவிட்டாலும் தவணை வந்துவிடும். ஆடி மாதத்தில் கல்யாணம் வராது. ஆனால் தவணை தேதி வரும்.

அதே சாமானை ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வாடகைக்கு எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு நாள் வேலை என்றால் செலவு 3,000. மூன்று நாள் என்றால் 4,500. ஆகவே தொடர்ந்து மாதம் மூன்று நாள் காசு வருகிற வேலை கிடைக்கும் வரை வாடகைதான் லாபம். உங்கள் ஊர் வாடகையையும் வட்டியையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். கணக்கு எப்போது 'வாங்கு' என்று சொல்கிறதோ அப்போது வாங்குங்கள். ஆசை சொல்கிறபோது அல்ல.

அந்த நாள் வரும்போது கந்துவட்டிக்கோ, அம்மா தாலிச் சங்கிலிக்கோ போக வேண்டாம். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 'சிசு' என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் வங்கிக் கடன் கேட்கலாம். பிற்காலத்தில் பெரிய ஸ்டூடியோ போடுகிற அளவுக்கு வளர்ந்தால் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்றே உள்ள திட்டம் அது. டிப்ளமா படித்தவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். 21 வயது ஆக வேண்டும். 'முதல் தலைமுறை' என்பது நமக்கு ஒரு குறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே அதுவே தகுதி!

சித்தாள் ஆகாமல் கொத்தனார் இல்லை

கட்டட வேலையில் யாரும் முதல் நாளே கரண்டி பிடிப்பதில்லை. சித்தாளாக மணல் சலித்து, கலவை சுமந்து, கொத்தனார் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் மேலே வருவார்கள். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அந்த ஊரில் கல் கொத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உளியைத் தீட்டப் பழகுவதே ஒரு பாடம் என்பார்கள்.

போட்டோவிலும் அப்படித்தான். நம் ஊரில் ஒரு ஸ்டூடியோவில் போய் விடுமுறை நாட்களில் அசிஸ்டென்டாக நில்லுங்கள். விளக்குப் பிடியுங்கள். பேட்டரி சார்ஜ் போடுங்கள். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருகிற பாட்டியை எப்படிப் பேசிச் சிரிக்க வைக்கிறார் என்று பாருங்கள். கல்யாணத்தில் எந்தச் சடங்குக்குப் பின் எது வரும், மேடையில் யார் முக்கியம், எங்கே நின்றால் யாருக்கும் மறைக்காது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டு நாள் கல்யாணத்துக்கு விளக்குப் பிடித்தான். கூலி வர நாலு மாசம் ஆச்சு. ஏன் என்றால் எவ்வளவு, எப்போது என்று எழுத்திலும் இல்லை, பேச்சிலும் இல்லை. "கத்துக்கத்தானே வந்த" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கற்றுக்கொள்ளப் போவது வேறு, கூலி வேலைக்குப் போவது வேறு. எது என்று முதல் நாளே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கொத்தனார் வீட்டில் சனிக்கிழமைக் கூலியைக் கேட்டு வாங்குவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

தாளில் எழுதாத வேலை, தண்ணீரில் எழுதின எழுத்து

வாடிக்கையாளரிடம் வேலை எடுக்கும்போது ஒரு பக்கத் தாள் போதும். தேதி, இடம், எத்தனை மணி நேரம், எத்தனை படம், ஆல்பமா வெறும் பைலா, மொத்தத் தொகை, முன்பணம், கொடுக்கும் நாள். இரண்டு பேர் கையெழுத்து. இந்தத் தாள் சண்டைக்காக அல்ல, சண்டை வராமல் இருப்பதற்காக.

சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர்தான் முதல் உரிமையாளர். "நான் எடுத்த படம்தானே" என்று மணப்பெண் படத்தை நம் விளம்பரத்தில் போட முடியாது. 'மாதிரிக்காக பத்துப் படம் நான் காட்டிக்கொள்ளலாம்' என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

படத்தைப் பாதுகாப்பதற்கு ஒரு விதி: மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். கார்டில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, நண்பன் வீட்டு டிஸ்கிலோ இணையத்திலோ ஒன்று. மூன்றும் முடியும் வரை கார்டை அழிக்கக் கூடாது. நம் கடற்கரைக்கு இன்னும் ஒரு விதி உண்டு. உப்புக் காற்றும் மணலும் லென்ஸுக்கு எமன். கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

டிரோன் ஆசை உள்ளவர்களுக்கு: 2021-ல் வந்த டிரோன் விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பகுதி பிரிக்கப்பட்டிருக்கிறது. நமக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம், வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளம். வரைபடத்தைப் பார்க்காமல் விளையாட்டுக்குக்கூடப் பறக்கவிடாதீர்கள்.

கல்யாணம் மட்டுமா தொழில்?

கல்யாணத்தில் போட்டி அதிகம். ஆனால் டிப்ளமாக்காரனுக்கென்று ஒரு வாசல் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. மறைமலை நகர், ஒரகடம் பக்கம் எத்தனை தொழிற்சாலைகள்! அவர்களுக்கு உதிரி பாகம் அனுப்பும் சின்னப் பட்டறைகள் எத்தனை! விலைப்பட்டியலுக்கும் இணையத்துக்கும் தங்கள் பொருளின் நல்ல படம் அவர்களுக்கு வேண்டும். ஒரு கியரையோ வால்வையோ வைத்தால் கல்யாண போட்டோகிராபருக்கு அது ஒரு இரும்புத் துண்டு. மெக்கானிக்கல் படித்தவனுக்கு எந்த முகம் முக்கியம், எந்தத் துளை தெரிய வேண்டும் என்று தெரியும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு சர்க்யூட் போர்டை எந்தக் கோணத்தில் காட்டணும் என்று தெரியும். சிவில் படித்தவன் கட்டட முன்னேற்றத்தை மாதாமாதம் ஒரே இடத்தில் நின்று பதிவு செய்து கொடுக்கலாம். மாமல்லபுரத்துக் கல் சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பங்களை வெளியூருக்கு விற்க நல்ல படம் வேண்டும். கோவளத்தில் அலைச்சறுக்கு நடக்கிறது. ஈ.சி.ஆர். முழுக்க ஓட்டலும் விடுதியும். தேடினால் வேலை உண்டு.

நம்ம ஆளுங்களை நாமே எடுப்போம்

எல்லாவற்றையும் தொழில் கணக்காகவே சொல்லிவிட்டேன். முடிக்கும் முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த எம். பழனி குமார். மீன் விற்கும் தாயின் மகன். கையால் மலம் அள்ளும் கொடுமையைக் காட்டிய 'கக்கூஸ்' என்ற தமிழ் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அந்தப் படம் 2017-ல் வந்தது. பிறகு 'பாரி' என்கிற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தில் புகைப்படக் கலைஞராகச் சேர்ந்தார். உழைக்கும் பெண்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் தொடர்ந்து எடுத்தார். 2022-ல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதல்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்குத்தான் வந்தது. துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கேமராவும் கற்றுத் தருகிறார்.

அவர் படங்களில் நான் படித்துக்கொண்டது இதுதான். தூரத்து ஊருக்குப் போய்த் தேட வேண்டியதில்லை. நம் தெருவிலேயே யாரும் எடுக்காத படம் இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருந்ததுதான். இறந்த பிறகு அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். பாதி முகம் முத்திரையில் மறைந்திருக்கும். நம்மில் எத்தனை வீட்டில் இந்தக் கதை! பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேகரித்துப் பாதுகாத்திருக்கிறது. சாதாரணக் குடும்பங்களின் படம்கூட ஒருநாள் சரித்திரம் ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. படம் எடுத்துக்கொள்ளாத குடும்பங்களுக்கு அந்தச் சரித்திரத்திலும் இடமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. கரையில் மீன் பிரிக்கும் அக்காவையோ, வலை சீர் செய்யும் தாத்தாவையோ கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருள் அல்ல. "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். எடுத்தால் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அந்த ஒரு பிரிண்ட் பத்து விளம்பரத்துக்குச் சமம்.

இன்றே தொடங்க ஓராண்டுத் திட்டம்

முதல் மூன்று மாதம்: கையில் இருக்கும் போனில் ஒரே இடத்தைக் காலை, மதியம், மாலை எடுங்கள். நேரத்தையும் வெளிச்சத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்த மூன்று மாதம்: விடுமுறை நாளில் ஒரு ஸ்டூடியோவில் அசிஸ்டென்ட். கூடவே, 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே போன்ற கண்காட்சிகள் நடக்கும்போது போய்ப் பாருங்கள். நல்ல படத்தின் முன்னால் பத்து நிமிடம் நிற்பதும் படிப்புதான்.

அடுத்த மூன்று மாதம்: கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர் வீட்டு விசேஷம் ஒன்றும், பட்டறைப் பொருள் படம் ஒன்றும் செய்யுங்கள். தாளில் எழுதி, சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாகக் கொடுங்கள்.

கடைசி மூன்று மாதம்: எடுத்ததில் சிறந்த இருபது படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு ஆல்பம். இருநூறு படம் காட்டுபவனைவிட இருபது படம் காட்டுபவனைத்தான் நம்புவார்கள். வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். மாதம் மூன்று நாள் வேலை நிற்கிறதா? அப்படியானால் போய்க் கேமரா வாங்குங்கள். இல்லையா? இன்னும் ஆறு மாதம் பொறுங்கள். டிப்ளமா சான்றிதழ் எங்கேயும் ஓடிவிடாது. கம்பெனி வேலையைச் செய்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் தொடரலாம். வீட்டு அடுப்பு அணையாமல் கற்றுக்கொள்வதும் ஒரு திறமைதான்.

நண்பர்களே, கடனில் வாங்கிய கேமரா தோளை அழுத்தும். சம்பாதித்து வாங்கிய கேமரா தோளில் இருப்பதே தெரியாது. முதலில் கண்ணைச் சம்பாதிப்போம், பிறகு பெயரைச் சம்பாதிப்போம், கடைசியில் கேமராவைச் சம்பாதிப்போம். அடுத்த ஆண்டு மலரின் அட்டைப் படம் நம்மில் ஒருவர் எடுத்ததாக இருக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு